சிம்மாசனமும் சம்பளப் பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் ஞாயிறு இணைப்பில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. வெஸ்டரோஸ் என்கிற அந்த ஈவிரக்கமில்லாத கற்பனை நாட்டில் அரியணையைப் பிடிக்கவும் பிடித்ததை விடாமல் வைத்திருக்கவும் மூன்று வழிகள்தான் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார்: வாள், கல்யாணம், வஞ்சகம். நன்றாகத்தான் எழுதியிருந்தார், குறை சொல்லவில்லை. ஆனால் பிடிப்பதற்கு அந்த மூன்றும் போதும், வைத்திருக்கப் போதாது. அதற்கு வேண்டியது சம்பளப் பட்டியல். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதால் இந்தக் கடிதம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1979-இல் தென் மாவட்டத்துத் தாலுகா ஊர் ஒன்றில் சார்நிலைக் கருவூலத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். 2014-இல் கணக்கராக ஓய்வுபெற்றேன். இடையில் முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களுடைய சம்பள பில்லைப் பார்த்து, டிக் அடித்து, சிலதைத் திருப்பி அனுப்பி, காலம் போனது. ராஜா கதைகளில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது. மகள் வயிற்றுப் பேரன் செமஸ்டர் லீவுக்கு வந்திருந்தபோது, "தாத்தா, இதைப் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்று பிடித்து உட்கார வைத்துவிட்டான். மொத்தம் எட்டு சீசன், 73 எபிசோடு. சில காட்சிகளில் அவன் அவசர அவசரமாக ரிமோட்டைத் தேடினான், நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அப்படியே ஒப்பேற்றிவிட்டோம். அப்புறம் ஆசை விடாமல், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாவலின் முதல் மூன்று பாகங்களையும் படித்தேன். முதல் பாகம் வந்தது 1996-இல். கணக்கு விவரங்கள் நாவலில்தான் அதிகம். இனி வருவதில் கதை முடிவும் வரும். பார்க்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

அந்தக் கதையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு நிர்வாகக் கூட்டம். சண்டைக் காட்சி எதுவும் அந்த அளவுக்கு இழுக்கவில்லை. ராபர்ட் பராத்தியன் என்பவர் போர் செய்து அரசராகிறார். அவருக்கு முன் இருந்த பைத்தியக்கார ராஜா எத்தனையோ பேரை உயிரோடு எரித்தவர், ஆனால் கஜானாவை நிறைத்துவிட்டுத்தான் செத்தார். பதினைந்து வருஷம் கழித்து நெட் ஸ்டார்க் தலைமை அமைச்சராக வந்து உட்காருகிறார். முதல் கூட்டத்திலேயே அவருக்குத் தெரிய வருவது, அரசுக்குக் கடன் 60 லட்சம் பொற்காசு. அதில் பாதி, 30 லட்சம், அரசருடைய மாமனார் டைவின் லானிஸ்டருக்கே தர வேண்டியது. இதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த அயிட்டம் வருகிறது. புது அமைச்சரைக் கௌரவிக்க ஒரு வீரவிளையாட்டுப் போட்டி. நாவலின் கணக்குப்படி ஈட்டிப் போட்டியில் ஜெயித்தவருக்கு 40,000, இரண்டாவதாக வந்தவருக்கு 20,000, குழுச் சண்டையில் ஜெயித்தவருக்கு 20,000, வில்லாளிக்கு 10,000. ஆக மொத்தம் 90,000. பந்தல், சாப்பாட்டுச் செலவு தனி.

இந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தச் சொன்னேன். பேரன் பயந்துவிட்டான், எனக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து. "ஒன்றுமில்லைப்பா, இந்த ராஜா போயிடுவார்" என்றேன். "எப்படித் தாத்தா தெரியும்? யார் கொல்லப் போறாங்க?" என்றான். யார் கொல்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மாமனாரிடம் 30 லட்சம் வாங்கிய மருமகன் அந்த வீட்டில் ராஜாவாக இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அவர் போனதும் நடந்ததுதான் விஷயம். ராஜா சாகிற நேரத்தில் உயில் எழுதுகிறார். தன் வாரிசு வயதுக்கு வரும் வரை நெட் ஸ்டார்க்தான் ஆட்சிப் பொறுப்பு. கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது. ஆனால் ராணி செர்ஸியிடமும் ஆட்கள் இருக்கிறார்கள். நகரக் காவல்படை யார் பக்கம் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. தங்க நிற அங்கி போட்ட அந்தப் படையில் நாவலின்படி இரண்டாயிரம் பேர். அவர்களை வாங்க நிதியமைச்சர் பீட்டர் பேலிஷ் ஒரு மதிப்பீடு தருகிறார்: 6,000 பொற்காசு. மூன்றில் ஒரு பங்கு தளபதிக்கு, ஒரு பங்கு அதிகாரிகளுக்கு, ஒரு பங்கு சிப்பாய்களுக்கு.

நான் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுப் பார்த்தேன். ஆறாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு இரண்டாயிரம். சிப்பாய்கள் இரண்டாயிரம் பேர். தலைக்கு ஒரு காசு.

ஒரு நாட்டின் சிம்மாசனம் தலைக்கு ஒரு காசுக்குப் போனது. ஈட்டிப் போட்டியில் குதிரையிலிருந்து விழுந்து இரண்டாம் பரிசு வாங்குகிறவனுக்கு இருபதாயிரம். இதைப் பேரனிடம் காட்டினேன். அவன் சிரித்துவிட்டு, "இதெல்லாம் கதை தாத்தா" என்றான். கதைதான், ஆனால் ரோமாபுரியில் நிஜமாகவே நடந்திருக்கிறது. கி.பி. 193-இல் சக்கரவர்த்தியைக் கொன்ற மெய்க்காவல் படை, சிம்மாசனத்தை ஏலம் விட்டது. டிடியஸ் ஜூலியானஸ் என்பவர் ஒரு சிப்பாய்க்கு 25,000 செஸ்டர்ஸ் (அந்த ஊர் நாணயம்) வீதம் கேட்டு ஏலத்தை எடுத்தார். 66 நாள் ராஜாவாக இருந்தார். அப்புறம் அவரையும் கொன்றுவிட்டார்கள். வெஸ்டரோஸில் ரேட்டு ரொம்பக் குறைவு, அவ்வளவுதான்.

நெட் ஸ்டார்க் எங்கே தோற்றார்? நல்லவர் என்பதால் தோற்றார் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கையில் இருந்தது நிதி ஒதுக்கீடு இல்லாத அரசாணை. எங்கள் அலுவலகத்தில் அப்படி எத்தனையோ அரசாணைகளைப் பார்த்திருக்கிறேன். நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்தைப் பிடித்துக்கொள்வது மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். "சார், ஆர்டர் ஆயிடுச்சு சார்." ஆர்டர் ஆகிவிட்டது, பணம் ஒதுக்கவில்லையே! நெட் ஸ்டார்க் அரியணை மண்டபத்தில் உயிலை நீட்டுகிறார், செர்ஸி வாங்கி நாலாகக் கிழிக்கிறாள். காவல்படை ஈட்டியை அவர் ஆட்கள் பக்கம் திருப்புகிறது. நிதியமைச்சர் அவர் கழுத்திலேயே கத்தியை வைக்கிறார். பணத்தைக் கொடுப்பவர் யார் என்று காவல்படைக்குத் தெரிந்திருந்தது. இவருக்குத்தான் தெரியவில்லை, தன் பணத்தை இன்னொருவர் கையால் கொடுக்கச் சொல்லிவிட்டார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரம்மாவே கேட்டாள், "போயும் போயும் அந்தக் கணக்குப்பிள்ளைகிட்டயா சாவியைக் குடுத்தாரு?" என்று. அவளுக்குத் தொடரின் பெயர்கூடத் தெரியாது.

சாவி என்றதும் இன்னொன்று. கருவூலத்து ஸ்ட்ராங் ரூமுக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி அதிகாரியிடம், இன்னொன்று கணக்கரிடம். இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் எவ்வளவு யோக்கியர் என்றாலும் இரண்டு சாவியும் அவரிடம் போகக் கூடாது. காய்ச்சலில் கிடந்தபோதுகூட ரிக்‌ஷா பிடித்துப் போய்ச் சாவி போட்டுத் திறந்துவிட்டு வந்திருக்கிறேன். வெஸ்டரோஸிலும் சாவிக்காரர்கள் நான்கு பேர் உண்டு. விதி எழுதியவர் விவரமானவர்தான் போல. ஆனால் நான்கு பேரையும் நியமித்தவர் பீட்டர் பேலிஷ். நாணயச் சாலைகள் மூன்றுக்கும் அதிகாரிகள் அவருடைய ஆட்கள். துறைமுக அதிகாரி, சுங்க வசூலிப்பவர், வரிக் குத்தகைக்காரர் என்று பத்துக்கு ஒன்பது பேர் அவர் போட்டவர்கள். டைவினின் மகன் டிரியன் இதை மெள்ள மெள்ளக் கண்டுபிடிக்கும் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். ரத்தம் தெறிக்கிற அத்தியாயங்களில் வராத நடுக்கம் அங்கே வந்தது. இந்தப் பேலிஷ் பெரிய குடும்பத்துப் பிள்ளை இல்லை. படை இல்லை, கோட்டை என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது. ஒரு துறைமுகச் சுங்கச் சாவடியில் ஆரம்பித்தவர். ராஜாக்கள் வந்து வந்து செத்துக்கொண்டிருந்தபோது ஏழாவது சீசன் வரை தாக்குப்பிடித்தார்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குப் பெருமை தருவது அல்ல.

1986-ஆக இருக்கும். ஸ்ட்ராங் ரூம் வாசலில் இரவு பகலாக ஆயுதக் காவல் உண்டு. அதில் ஒரு வயதான காவலர். மீசை நரைத்தவர், அதிகம் பேச மாட்டார், டீ வாங்கிக் கொடுத்தால் டம்ளரைக் கழுவித்தான் திருப்பித் தருவார். அவருடைய பயணப்படி பில் ஒன்று என் மேஜைக்கு வந்தது. முன்னூற்றுச் சொச்சம் ரூபாய். மேலொப்பம் இல்லை என்று ஆட்சேபணை எழுதித் திருப்பினேன். மறுபடி வந்தது, தேதி தப்பு. மூன்றாம் முறை வேறு ஏதோ, எனக்கே மறந்துவிட்டது. மூன்றும் விதிப்படி சரியான ஆட்சேபணைகள். மூன்றையும் முதல் தடவையே சேர்த்து எழுதியிருக்கலாம் என்பது இப்போது தோன்றுகிறது.

மார்ச் மாதக் கடைசி. பில்கள் குவிந்து ராத்திரி பத்து மணிக்கு மேலும் உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் போய்விட்டது, அரிக்கேன் விளக்கு. கணக்கை முடித்து, இரட்டைப் பூட்டுப் போட்டு, அரக்கு முத்திரை வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் நிற்கிறார். தோளில் த்ரீ நாட் த்ரீ. "சார், உள்ள இருக்கிற பணத்துக்கு நான்தான் காவல். என் பணம் மட்டும் வெளியே வர மாட்டேங்குது" என்றார். கோபமே இல்லை. சொல்லிவிட்டுத் துப்பாக்கியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். கனமான துப்பாக்கி, மாற்றத்தான் செய்வார்கள். ஆனால் அந்த வராந்தாவில் அவரும் நானும் விளக்கும் மட்டும்தான். வீட்டுக்கு சைக்கிளில் போகும் வழியெல்லாம் முதுகு கூசிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை நானே காவல் நிலையத்துக்குப் போய் எழுத்தரைப் பார்த்து, பில்லைச் சரி செய்து வாங்கிக்கொண்டு வந்து, சாயங்காலத்துக்குள் பாஸ் போட்டேன். அவர் பணத்தை எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "நன்றி சார்" என்றார். அன்று ராத்திரியும் அவர்தான் காவல்.

தங்க அங்கிப் படை ஈட்டியைத் திருப்பிய காட்சியில் எனக்கு அவர் முகம்தான் வந்தது. அவர் கடைசி வரை திருப்பவில்லை, அது அவர் குணம். எத்தனை பேர் அப்படி இருப்பார்கள் என்று நம்பி ஒரு ராஜ்யம் நடத்த முடியும்?

சரி, கதைக்கு வருகிறேன். தானியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெற்கிலிருந்து தலைநகருக்கு வரும் சாலையை டைரல் குடும்பம் அடைத்ததும் ஊரில் ரொட்டி இல்லை. பையன் ராஜா ஜாஃப்ரி பவனி வருகிறான், யாரோ வீசிய சாணி முகத்தில் வந்து அப்புகிறது, பிறகு கலவரம். அதே டைரல் வீட்டுப் பெண்ணைக் கட்டுவதாக முடிவானதும் வண்டி வண்டியாகச் சாப்பாடு வருகிறது. உங்கள் கட்டுரையாளர் இதைக் கல்யாணக் கணக்கில் எழுதிவிட்டார், நான் ரேஷன் கணக்கில் எழுதுவேன். ஆற்றுப்பாலத்தில் சுங்கம் வாங்கியே பெரிய மனிதரான வால்டர் ஃப்ரே கதையும் அப்படித்தான். பாலத்தைத் தாண்ட ஒரு கல்யாணம் என்று பேசி, கடந்துபோன பிறகு வாக்கை மீறினார் நெட் ஸ்டார்க்கின் மகன் ராப் ஸ்டார்க். கல்யாண விருந்துக்குக் கூப்பிட்டே ஃப்ரே தீர்த்துக்கட்டினார். அந்த எபிசோடு முடிந்ததும் என் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இரும்பு வங்கியைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். கடலுக்கு அப்பால் பிராவோஸ் என்கிற ஊர். அங்கே கல் மண்டபத்தில் மூன்று பேர் உட்கார்ந்து, எந்த ராஜா கடனைத் திருப்புவார் என்று எடை போடுகிறார்கள். அரியணைக்குப் போட்டியிட்டுத் தோற்றுப்போன ஸ்டானிஸ், ராபர்ட்டின் தம்பி, கடன் கேட்டுப் போகிறார். எத்தனை ஆள், எத்தனை கப்பல் என்று கேட்டுவிட்டு முடியாது என்கிறார்கள். தன் உரிமை, வம்சம் எல்லாம் அவர்களுக்கு வேறு அலமாரிப் புத்தகம். அப்போது கூட வந்த டாவோஸ் கையுறையைக் கழற்றித் தன் கையைக் காட்டுகிறார். நான்கு விரல்களில் நுனி இல்லை. முற்றுகையில் பட்டினி கிடந்த ஸ்டானிஸுக்கு வெங்காயம் கடத்திக் கொடுத்துக் காப்பாற்றியவர் அவர். அதற்கு 'சர்' என்கிற வீரர் பட்டம் கொடுத்த ஸ்டானிஸ், பழைய கடத்தல் குற்றத்துக்காக விரல்களையும் வெட்டினார். ஒன்றில் ஒன்றைக் கழிக்கவில்லை. அரசாங்கக் கணக்கில் வரவைச் செலவோடு கழித்து மிச்சத்தை மட்டும் காட்டக் கூடாது என்பது எங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தந்த பாடம். கொடூரமான மனிதர், ஆனால் கணக்குத் தெரிந்தவர் என்று தோன்றியது. வங்கிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும், கடன் கிடைத்தது.

அதே ஸ்டானிஸ் பிறகு சொந்த மகளையே தீயில் போடுகிறார். மறுநாள் விடிவதற்குள் பாதிப் படை ஓடிவிடுகிறது. வங்கிப் பணத்தில் சேர்த்த கூலிப்படை குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறது. முன்பணம் வாங்கிய ஆட்கள்தான். அந்த இடத்தில் என் சம்பளப் பட்டியலுக்குப் பதில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். பேரன் விடாமல் இரண்டு நாள் குத்திக்காட்டினான்.

பழைய பைத்தியக்கார ராஜாவின் மகள் டெனேரிஸ் கதையிலும் உங்கள் கட்டுரையாளர் டிராகன்களை மட்டும் பார்த்திருக்கிறார். மூன்று டிராகன் இருந்தால் சம்பளம் தர வேண்டியதில்லை, அது உண்மை. தீவனம்? மீரீன் ஊரில் அவள் தர்பார் நடத்துகிறாள். ஒரு ஆடு மேய்ப்பவர் கருகிய எலும்புகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து காலடியில் கொட்டுகிறார். டிராகன் தின்ற ஆடுகள். மூன்று மடங்கு விலை கொடுக்கச் சொல்கிறாள். எனக்குப் பகீரென்றது. மூன்று மடங்கு என்றால் நாளைக்கு ஊரில் இருக்கிற கசாப்புக் கடை எலும்பெல்லாம் வந்து சேருமே, யார் சரிபார்ப்பது என்று பதறினேன். சில எபிசோடு கழித்து இன்னொருவர் வருகிறார். அவர் மூட்டையிலும் எலும்புதான். சின்னப் பெண் குழந்தையின் எலும்பு. என்ன விலை என்று கேட்க ஆளில்லை. பிடிக்க முடிந்த இரண்டு டிராகன்களையும் அவளே குகைக்குள் சங்கிலியில் கட்டிவிட்டு அழுதுகொண்டே வெளியே வருகிறாள். கடைசி சீசனில் அவள் அந்தச் சங்கிலியை எல்லாம் மறந்து, மணி அடித்துச் சரணடைந்த தலைநகரை எரித்தது ஊருக்கே தெரியும். எரிந்து முடிந்த ஊரில் சாம்பல் பறக்க அவள் சிம்மாசனத்தைத் தொட்டுப் பார்க்கிறாளே, அப்போது நான் நினைத்தது, வரி கட்ட இனி ஒரு ஆள்கூட இல்லை என்றுதான். இரக்கமில்லாத நினைப்பு. தொழில் புத்தி, என்ன செய்வது.

கட்டுரையாளர் கடைசி எபிசோடைச் சப்பென்று முடிந்ததாக எழுதியிருக்கிறார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். அவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தக் கடைசி நிர்வாகக் கூட்டத்தை இன்னொரு தடவை பார்க்கட்டும். கலைந்து கிடந்த நாற்காலிகளை டிரியன் ஒவ்வொன்றாக நேராக்கி வைக்கிறார். நிதியமைச்சர் யார் தெரியுமா? ப்ரான் என்கிற பழைய கூலிப்படைக்காரன். சம்பளம் வாங்குகிறவனையே சம்பளம் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். உனக்கு அரசு தர வேண்டிய பாக்கி தீர்ந்ததா என்று அவனிடம் கேட்கிறார்கள், முழுசாகத் தீர்ந்தது என்கிறான். பசித்தவர்களுக்குச் சாப்பாடு, உடைந்த துறைமுகம், கப்பல், குடிதண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் பேச்சு வருகிறது. காசை வீணடித்தால் காசே இருக்காது என்று ப்ரான் இழுக்கிறான், டாவோஸ் அவனுடைய இலக்கணத்தைத் திருத்துகிறார். எட்டு சீசன் காத்திருந்து ஒரு பட்ஜெட் கூட்டம், அதுவும் சில நிமிடம்தான். பேரன் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். நான் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்